பாகல் என்றால் பாகற்காய்

என் அலமாரியில் ஒரு பைத்தியக்காரி குடியிருக்கிறாள். விரித்த தலைமுடி, ஒற்றைக் கொலுசு, கழுத்தில் மாலையாகக் கோத்த உடைந்த பூட்டுகள். இந்திக் காமிக்ஸ் வில்லி. ஊரில் பூட்டிக் கிடக்கும் கதவையெல்லாம் திறந்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் செய்யும் குற்றம் அவ்வளவுதான். அவள் வந்த இதழ்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. முதல் இதழ் மட்டும் அம்மாவுடையது.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அம்மாவுக்கு இந்தி ஓர் எழுத்துகூடத் தெரியாது. பழைய பேப்பர்காரரிடம் வாங்கிய அந்தக் காமிக்ஸை வைத்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் பேனாவால் தமிழில் அர்த்தம் எழுதினாள். ஊரார் வில்லியைப் பார்த்து ‘பாகல்’ என்று கத்தும் இடத்தில் ‘பாகல் = பாகற்காய்’ என்று எழுதியிருக்கிறாள். குழாயடியில் ஒருத்தி “பாகல் ஹை க்யா?” என்று திட்டியபோது, “இல்ல, இன்னைக்கு வெண்டைக்காய்” என்று பதில் சொன்னவள் அம்மா. அந்த வார்த்தைக்குப் பைத்தியம் என்று அர்த்தம் தெரிந்தபிறகும் எழுதியதை அவள் அடிக்கவில்லை.

போன வருஷம் எனக்கு மனசு சரியில்லாமல் போய் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், மெட்ரோ பிடித்து வேலைக்குப் போகிறேன். அண்ணனுக்கு அது போதவில்லை. “இந்தப் பைத்தியத்த வீட்ல வச்சுக் கும்பிட்டா இப்படித்தான் ஆகும்” என்றான். டெல்லியின் இன்னொரு கோடியான துவாரகாவிலிருந்து காமிக்ஸ் சேகரிக்கிற ஒருவரை அவனே தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மயூர் விஹார் வீட்டுக்கு வரவழைத்தான். அலமாரியையே காலி செய்துவிடுவது அவன் திட்டம்.

வந்தவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இதழாகத் தொட்டார்.

“இவளுக்குத் தனி மவுசு மேடம். பைத்தியம்ல, பயமே கிடையாது. இவ சிலை ஒண்ணு எங்க வீட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு.”

“நானும் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவதான்” என்றேன்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கண்ணாடிக்குள் இருக்கிற பைத்தியத்துக்குத்தான் மவுசு போலிருக்கிறது. அண்ணன் தரையைப் பார்த்தான்.

அவர் முதல் இதழைத் திறந்தார். முகம் சுருங்கியது.

“அடடா, யாரு இப்படிக் கிறுக்கி வச்சது? இது என்ன, தமிழா? எனக்குப் படிக்கத் தெரியாது.” பிறகு அவரே வழியும் சொன்னார். “என்கிட்ட கிழிஞ்ச காப்பி ஒண்ணு இருக்கு. கிறுக்கின பக்கத்த எல்லாம் எடுத்துட்டு அதுல உள்ளத வச்சுத் தச்சுடலாம்.”

“அச்சா, ஜல்தி முடிச்சுடுங்க” என்றான் அண்ணன்.

நான் இதழை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ‘பாகல் = பாகற்காய்’ என்று அம்மா எழுதிய வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “கிறுக்கினது எங்கம்மா. கிறுக்கி என் அலமாரியில இருக்கா. பெரிய கிறுக்கி நான். மூணு பேரையும் பிரிக்க முடியாது. பக்கமும் இல்ல, புக்கும் இல்ல, கிளம்புங்க.”

அண்ணனுக்குக் கோபம் வந்தால் இந்திதான் வரும். “பாகல் ஹை க்யா?” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

சமையலறையிலிருந்து அம்மா அரிவாள்மணையும் கையுமாக வந்து நின்றாள். நாற்பது வருஷமாகக் காய்கறிக்காரனோடு இந்தியிலேயே சண்டை போடுகிறவளுக்கு அந்த வார்த்தை புரியாமல் இல்லை.

“ஆமாலே, பாகல்தான்” என்றாள். “கசக்குதுன்னு நம்ம வீட்ல யாரும் அத வெளிய தூக்கிப் போட்டதில்ல. அந்தத் தம்பிய வேணும்னா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு.”