கண் திறந்த படைக்குச் சாப்பாடு

திருவிடைமருதூரில் சிங்காரவேலு என்று ஒருவர் இருக்கிறார். பறக்கிற கொசுவைப் பிடித்து நிறுத்தி, அதன் இரண்டு கண்ணுக்கும் மை தீட்டி, வலிக்காமல் திரும்பப் பறக்க விட்டுவிடுவார். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். கொசு எங்கே நிற்கும்? எறும்புக்குத்தான் தீட்டினார். அந்த எறும்பும் முந்தின நாளே செத்துப் போயிருந்தது. ஆனால் மை தீட்டியது மெய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நாலு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அவருக்குத் தொழில் மீன் வியாபாரம். பூர்வீகம் நாகப்பட்டினத்துக் கடற்கரை. அப்பா படகு கட்டுகிறவர். கனகாவைக் கட்டிக்கொண்ட பிறகு இங்கே வந்து கடைத்தெருவில் மீன்கடை போட்டார். விடியற்காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரை வஞ்சிரம், கெண்டை, இறால். அதற்குப் பிறகு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, எலுமிச்சம்பழத்தால் விரல்களைத் தேய்த்துக்கொண்டு, தலையில் பட்டை கட்டிய பூதக்கண்ணாடியை மாட்டி, சமையற்கட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்தால் மனிதர் இந்த நூற்றாண்டில் இல்லை. ஆயிரம் வருடம் பின்னால் போய்விடுவார். கனகா காபி கொண்டுபோனால் சோழ நாட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த வினை பதினொரு வருடத்துக்கு முன்னால் பிடித்தது. மகளுக்கென்று சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விமானம் வாங்கி வந்தார், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற வகை. மகள் அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் உட்கார்ந்து ஒட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு வெள்ளைக்கார விமானி இருந்தான். சும்மா இருந்தவனுக்கு ஒரு மீசை வரைந்து பார்த்தார். வரைந்ததும் அவன் நாகப்பட்டினத்துச் சித்தப்பா மாதிரியே ஆகிவிட்டான். அன்றைக்குப் பிடித்த பித்து, கடாரத்துக்குக் கப்பலேறப் போகும் சோழப் படையில் கொண்டுவந்து விட்டது.

கணக்கு எழுபத்திரண்டில் ஒன்று. ஆறடி ஆள் ஒரு அங்குலம் ஆகிவிடுவான். மின்கம்பியை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை வளைத்துக் கைகால், அதன் மேல் எம்சீல் பிசைந்து உடம்பு, தென்னை ஈர்க்கைச் சீவி வேல். கேடயத்துக்கு மட்டும் அவர் கடையிலேயே மூலப்பொருள்: கெண்டைச் செதில். கழுவிக் காயவைத்து ஓரத்தில் பொன்வண்ணம் தீட்டினால் அசல் கேடயம் தோற்றுப்போகும். முந்நூற்றுப் பன்னிரண்டு வீரர், ஒன்பது யானை, நாற்பது குதிரை, ஒரு கப்பல்.

செதிலை எத்தனை கழுவினாலும் மனிதருக்குத்தான் வாசனை போகும், பூனைக்குப் போகுமா? போன வருடம் ஒரு சாம்பல்நிறப் பூனை ஜன்னல் வழியாக வந்து, இடப்பக்கச் சேனையைக் கேடயத்தோடு நக்கிவிட்டு, ஒன்பது யானையையும் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனது. போரில் ஆயிரம் யானையைச் சாய்த்தவனுக்குப் பரணி பாடுவார்கள். ஒன்பதைச் சாய்த்த பூனைக்கு என்ன பாடுவது என்று தெரியாமல் சிங்காரவேலு வாய்விட்டு அழுதார். பிறகு அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்.

இவ்வளவு செய்தவர் ஒன்றைச் செய்யவில்லை. ஒரு வீரனுக்கும் கண் வரையவில்லை. புருவம் உண்டு, மீசை உண்டு, காதில் குண்டலம்கூட உண்டு. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வழித்துவிட்ட தோசைக்கல் மாதிரி இருக்கும்.

காரணம் அவர் அப்பா. அவர்கள் குடும்பத்தில் படகு கட்டி முடித்தால் கடைசி வேலை முகப்பில் கண் எழுதுவது. எழுதின நிமிஷத்திலிருந்து அது மரம் இல்லை, வீட்டில் ஓர் ஆள். அதற்குப் படைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். கண் திறந்ததும் எதை முதலில் பார்க்கிறதோ, அதையே ஆயுசுக்கும் தேடும் என்பதால் கடலைப் பார்க்க நிறுத்தித்தான் எழுதுவார்கள். ஒரு படகை மட்டும் அவசரத்தில் சாராயக்கடையைப் பார்க்க நிறுத்தி எழுதிவிட்டார்களாம். அது சாகிற வரைக்கும் மத்தியானத்துக்கு மேல் கடலுக்குப் போகவே இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் தானாகக் கரைக்கு வந்து கடை வாசலைப் பார்த்து நின்றுகொள்ளும். இதைக் கேட்டு வளர்ந்தவர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எப்படித் துணிந்து கண் எழுதுவார்?

இந்தச் சங்கடம் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தஞ்சாவூரில் சிற்றுருவக் கலைஞர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பதினேழு உறுப்பினர். விமானம் செய்கிறவர், ரயில் செய்கிறவர், ஒரே கப்பலை ஒன்பது வருடமாகச் செய்கிறவர். செயலாளர் குணசேகரன், தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பந்தியில் இலை போட்டாலும் நீள அகலம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வருடம் ஒரு கண்காட்சி. முற்றுப்பெறாத உருவங்களுக்கு மேசை கிடையாது. மூன்று வருடம் தொடர்ந்து திருப்பி அனுப்பப்பட்டால் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சிங்காரவேலு இரண்டு தடவை திரும்பி வந்தாயிற்று. 'முகம் முழுமை பெறவில்லை' என்று இரண்டு தடவையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார் குணசேகரன்.

இந்த வருடக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை என்று புதன்கிழமை வாட்ஸப்பில் செய்தி வந்தது. சிங்காரவேலு தலையில் பூதக்கண்ணாடியை மாட்டினார். கனகா வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க, கண்ணைத் திறக்கப் போறீங்களா?"

"வேற வழி இல்ல கனகா. இந்தத் தடவயும் திருப்பி அனுப்பினா பேரை எடுத்துருவாங்க. சங்கத்துல மத்த பதினாறு பேருதான் என்னை மீன்காரன்னு கூப்பிடாம இருக்காங்க. அதுவும் போயிரும்."

"திறங்க, யாரு வேணாங்கிறா? ஆனா திறந்தா பசிக்கும். முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு யாரு ஆக்கிப் போடுறது?"

"ஒரு அங்குல ஆளுக்கு எவ்வளவு பசிச்சிரும்?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்க. நீங்கதானே பெத்தீங்க."

பேசி முடித்ததில் ஆளுக்கு ஒரு பருக்கை என்று முடிவானது. யானைக்கு ஒரு கரண்டி, குதிரைக்கு ஒரு கொள்ளு. பக்கத்து வீட்டு அனுசுயா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன அரிசி போடப் போறீங்க? ஆயிரம் வருசத்து ஆளுங்க. ஐ.ஆர். இருபதைப் போட்டா வயித்துக்குச் சேருமா?"

"மாப்பிள்ளைச் சம்பா போடலாம்" என்றார் சிங்காரவேலு உள்ளேயிருந்து.

"எனக்கே அதை வாங்கித் தந்ததில்ல, பட்டாளத்துக்கு மாப்பிள்ளைச் சம்பாவா? பொன்னிதான். மோர் ஊத்திப் பிசைஞ்சு வெப்பேன்" என்றாள் கனகா.

"மீன்கடைக்காரன் வீட்டுல இருந்துக்கிட்டு மோர்சோறா? ஊரு சிரிக்கும் கனகா."

"சண்டைக்குப் போறவங்களுக்குக் கவுச்சி ஆகாதுங்க" என்று அனுசுயா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒற்றை மயிர்த் தூரிகையால் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. அவசரத்தில் எதைப் பார்க்க நிறுத்துவது என்று அவர் யோசிக்கவில்லை. வழக்கம்போல மேசையில் வைத்து, வழக்கம்போல வலத்தோளைச் சாய்த்துக்கொண்டு எழுதினார். சாய்ந்து உட்கார்ந்ததில் கறுப்புப் புள்ளி ஒவ்வொருவனுக்கும் கண்ணின் இடது மூலையில் போய் விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும், ஒன்பது யானையும், நாற்பது குதிரையும் ஒரே பக்கம் பார்த்தார்கள். இடது பக்கம் சமையற்கட்டு.

சனிக்கிழமை முடித்துவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அவருக்கே புரிந்தது. அலமாரியில் வரிசையாக நின்ற சோழப் படை முழுவதும் ஓரக்கண்ணால் சோற்றுப் பானையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன்ல, பசிக்கும்னு" என்றாள் கனகா. அழித்து எழுத நேரம் இல்லை. திறந்த கண்ணை அழிப்பதா என்று கேட்கவும் அவருக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படை தஞ்சாவூர் புறப்பட்டது. யானை, குதிரை, வீரர் எல்லோரும் மீன்கடைத் தெர்மாகோல் பெட்டிகளில், வைக்கோல் மெத்தையில் படுத்துப் பயணம் செய்தார்கள். கும்பகோணம் தாண்டிப் பாபநாசம் வருவதற்குள் வேனுக்குப் பின்னால் நாற்பது பூனை ஓடிவந்ததாக ஓட்டுநர் சத்தியம் செய்கிறார். மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

கண்காட்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சிங்காரவேலு படையை அணிவகுத்து நிறுத்தினார். வலது பக்கம் கப்பல். குணசேகரன் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார்.

"கண்ணு இருக்கு. சந்தோஷம். ஆனா கப்பல் வலது பக்கம்ல இருக்கு? ஏன் சிங்காரவேலு, எல்லாரும் இந்தப் பக்கம் பார்க்கிறாங்க?"

அந்த நேரம் பார்த்துக் கனகா தூக்குவாளியோடு வந்தாள். மேசையின் இடது ஓரத்தில் ஒரு வாழை இலையை விரித்து, அன்றைக்கு மோர் ஊற்றாமல் வெறும் சோறாக, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வரிசை வைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? விதி எட்டு. மேசையில தின்பண்டம் வைக்கக் கூடாது."

"மணி பன்னெண்டரை சார். உங்களுக்கு இலை போட்டாச்சுல்ல?"

"எடுங்கம்மா. எடுக்கலன்னா மேசையையே ரத்து பண்ணணும். ரத்துன்னா மூணாவது தடவன்னு அர்த்தம்."

"கண்ணைத் திறந்து விட்டுட்டுப் பட்டினி போடச் சொல்றீங்களா? அந்தப் பாவம் எங்க வீட்டுக்கு வேணாம்."

சிங்காரவேலு இலையைப் பார்த்தார். எடுத்தால் அப்பா கனவில் வந்து செருப்பால் அடிப்பார். எடுக்காவிட்டால் சங்கம் போய்விடும். சட்டென்று குணசேகரனின் சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை உருவி, ஒரு பருக்கையின் பக்கத்தில் வைத்தார்.

"சார், அளந்து சொல்லுங்க."

"ஒன்பது மில்லிமீட்டர்" என்றார் குணசேகரன். அளக்கச் சொன்னால் அவரால் அளக்காமல் இருக்க முடியாது.

"எழுபத்திரண்டால பெருக்குங்க."

குணசேகரன் மேலே பார்த்து உதட்டை அசைத்தார். "அறுநூத்தி நாற்பத்தெட்டு. ரெண்டடிக்கு மேல."

"ரெண்டடி நீளத்துல சோத்துப் பருக்கை எந்த ஊருலயாவது உண்டா சார்? நம்ம கணக்குல இது சோறு இல்ல. சிப்பம். இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பம். கப்பல்ல ஏத்துறதுக்கு."

குணசேகரன் அகலத்தை அளந்தார். முக்காலடி வந்தது. நடுவில் பருத்து, இரண்டு ஓரத்திலும் ஒடுங்கி, கட்டி வைத்த சிப்பம் மாதிரியேதான் இருந்தது. இன்னும் நாலு பருக்கையை அளந்தார். அவர் முகத்தில் சர்வே கல் அகப்பட்ட சந்தோஷம் மெதுவாகப் பரவியது.

"அப்போ இவங்க எல்லாரும் பார்க்கிறது..."

"சிப்பத்தை சார். ஒண்ணு குறைஞ்சாலும் நடுக்கடல்ல பட்டினி. எண்ணாம ஏறுவாங்களா?"

"அளவு சரியா இருக்கு. பார்வையும் சரியா இருக்கு" என்று சொல்லி, குணசேகரன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பச்சை மையை அந்தச் சங்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. விமானக்காரர், ரயில்காரர், கப்பல்காரர் எல்லோரும் தங்கள் மேசையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருவராவது மூக்கைப் பொத்தவில்லை. சிங்காரவேலு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குணசேகரன் ஒலிபெருக்கியைப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: "மேசை எண் பதினொன்று. திருவிடைமருதூர் சிங்காரவேலு அவர்களின் சோழர் படை. வீரர் முந்நூற்றுப் பன்னிரண்டு, அரிசிச் சிப்பம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆளுக்கு ஒன்று."

"ஆளுக்கு ஒண்ணு இல்லைங்க சார்" என்றாள் கனகா, தூக்குவாளியை மூடிக்கொண்டே. "அந்த மூணாவது யானை மேல இருக்காரே பாகன், அவருக்கு மட்டும் ரெண்டு. மறுசோறு கேட்டாரு."