பீளமேட்டில் வாங்கிய மூன்று டிக்கெட்

எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், எதற்கு எத்தனை நகல் என்று இன்றும் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த ஞானம் எனக்கு இருபத்து மூன்று வயதிலேயே வந்துவிட்டது. அதை முதலில் அனுபவித்தவள் என் அக்கா.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். அக்காவின் கணவர் மலைமேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். கம்பெனி அவரை இலங்கைக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. திரும்பி வரக் கோயம்புத்தூர் வரை விமான டிக்கெட்டும் கம்பெனியே கொடுத்தது. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் விமானத்தில் வந்த முதல் ஆள் அவர்தான். அவர் வருவதாக வந்த தந்தியை அக்கா வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திட்டம் என்னுடையது. பீளமேட்டு விமான நிலையத்தில் அவரைப் பார்ப்பது, அங்கிருந்து பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போய்க் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறுவது, பிறகு பொள்ளாச்சி வழியாக மீனாட்சிபுரம். ரயில், விமான நேரங்கள் போட்ட கால அட்டவணைப் புத்தகம் என் கையில் இருந்தது. விமானம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகப் புத்தகம் சொன்னது. அக்காவை ஒரு வேப்பமர நிழலில் உட்கார வைத்தேன்.

"நான் போயி மூணு டிக்கெட்டும் எடுத்துட்டு வந்தர்றேன். கடைசி நேரத்துல கூட்டமாயிரும். நீ எங்கியும் போவாதே."

வெயிலில் நடந்து போய் மூன்று டிக்கெட் வாங்கினேன். அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போடும்போது அக்கா ஓடி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"தம்பி, உங்க மாமன் அப்பவே வந்துட்டாராமா. நம்மளைக் காணாம பஸ்ஸுல டவுனுக்குப் போயிட்டாராமா."

"இன்னும் ஏரோப்ளேனே வல்லியே அக்கா. புஸ்தகத்துல போட்டிருக்குது."

"போட்டிருந்தா இருக்கட்டும். அவரு டவுன் டேசன்ல போயி நின்னுட்டு இருப்பாரு. வா."

ரயில் வந்து நின்றது. அவள் என்னைக் கேட்காமல் ஏறினாள். டிக்கெட் என்னிடம் இருந்ததால் நானும் ஏறினேன். டிக்கெட் இல்லாமல் ஒருவரைப் பயணம் செய்ய விடுவது என் சுபாவத்தில் இல்லை.

என் புத்தகம் போன மாதத்தது. அதன் அட்டையிலேயே அது எழுதியிருந்தது. வண்டி நகர்ந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம்.

"ஏரோப்ளேன் ஆபீசுல என்னன்னு கேட்டே?"

"அவரு வந்துட்டாரான்னு."

"அவருன்னா ஆருக்குத் தெரியும்? ஊருல இருக்கற ஆம்பளை எல்லாம் அவருதான்."

எதிரே இருந்த மில் தொழிலாளர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"அதையேதான் அங்கிருந்தவரும் கேட்டாரு," என்றாள் அக்கா மெதுவாக. "பேரைச் சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று நம்பினார்கள். அக்கா அதே பெயருள்ள சாமியைக்கூட 'மலை மேல இருக்கறவரு' என்றுதான் கும்பிடுவாள். இது எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

"நீயா? பேரைச் சொன்னியா? எங்க, சொல்லு பாக்கலாம்."

"வேண்டாந் தம்பி."

"சொல்லியிருந்தா இப்பச் சொல்றதுக்கு என்ன? சொல்லலைன்னா அந்தாளு வேற ஆரையோ நெனைச்சுச் சொல்லியிருப்பான். நாம இப்ப வீணா டவுனுக்குப் போயிட்டிருக்கறோம்."

ஜன்னலோரத்தில் கூடையோடு இருந்த ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க தம்பி, அந்தப் புள்ளைய என்னத்துக்குங்க இந்தப் பாடு படுத்தறீங்க?"

"விசாரணைன்னா முறையா இருக்கோணுமுங்க," என்றேன். உண்மையாகவே அப்படிச் சொன்னேன்.

அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள். தந்தியில் இருந்ததுபோல, தகப்பனார் பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற குரலில். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. மில்காரர் ஒருவர் மட்டும், "கேட்டாச்சுங்களா? போதுங்களா?" என்றார். கூடைக்காரப் பெண்மணி நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டாள். கோயம்புத்தூர் வரும்வரை என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மாமா நுழைவாயில் அருகில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். அவள் இரண்டு கை தூரத்தில் நின்றுவிட்டாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"வெயிலுங்க," என்றாள்.

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போய், பயன்படாத மூன்றாவது டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்தேன்.

"வாங்குன டேசன்லதானுங்க கேக்கோணும்," என்றார் குமாஸ்தா.

அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போய் நின்றேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டு நேரத்தை ஓட்டினேன். திரும்பி வந்தபோது இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அக்கா மாமாவிடம் ரயிலில் நடந்ததைச் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. புத்தகம் பழையது என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.

மாமா எண்பது தாண்டி வாழ்ந்தார். ஆயுள் குறையும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல மறுப்பு. எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் பறித்தது அவருடைய ஆயுளை அல்லவே.

சர்க்கார் ஆபீஸ் வேலையில் இருந்த காலத்தில் 'கணவர் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்து வாயடைத்து நின்ற எத்தனையோ பெண்களிடம் நான் காகிதத்தை நீட்டி, கூட வந்தவர்களைக் கேட்டு, பொறுமையாக நிரப்பியிருக்கிறேன். பொறுமைசாலி என்று பெயர் வாங்கினேன். அப்படிச் சொன்ன யாரையும் திருத்தவில்லை.

மாமா போன பிறகு குடும்ப அட்டையில் பெயர் நீக்க அக்காவுக்காக மனு எழுதினேன். அந்தக் கட்டம் வந்ததும் என் பேனா நின்றது. அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீயே எழுதிக்கோ தம்பி. உங்கிட்டத்தான் ஒருக்காச் சொல்லியிருக்கறனே."