இண்டூரின் இரண்டு மாதேஸ்வரன்கள்

தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் தெரசாவுக்கு ஒன்பது வருட வேலை. ரத்தம் எடுப்பாள், நோட்டில் எழுதுவாள், ரிப்போர்ட் கவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பாள். அந்த நோட்டை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று முதலாளி சிவக்குமாரிடம் ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது கடையில் விற்கிற சாப்ட்வேர் அல்ல. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருப்பது. அதுதான் சிவக்குமாரை உறுத்தியது.

"சும்மா குடுக்கறவன் எதுக்கும்மா குடுக்கறான்? நாளைக்கு நின்னு போச்சுன்னா யாரப் போய்க் கேக்கறது?"

"நோட்டுல தப்பு வந்தா மட்டும் யாரக் கேக்கறோம், சார்?"

அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். நல்ல மனிதர்தான், பிடித்தால் பிடித்த பிடி.

ஓட்டிக் காட்டினால் மசிவார் என்று, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் தெரசா அதை ஏற்றினாள். சாப்பாட்டு நேரத்தில் அந்த வாரத்து நோட்டை வரிவரியாகப் பதிந்துகொண்டு வந்தாள். கே. மாதேஸ்வரன், இண்டூர் என்று அடித்ததும் கம்ப்யூட்டர் நின்றது. இதே பெயரில், இதே ஊரில் ஒருவர் இருக்கிறார், இவர்தானா என்று கேட்டது.

குலசாமி பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைக்கிற பக்கம் அது. பங்காளி வீடுகளில் வீட்டுக்கொரு மாதேஸ்வரன் இருப்பார். மூன்று நாளைக்கு முன் ஒரே காலையில் இருவர் வந்திருந்தார்கள். தெரசா நோட்டைப் புரட்டினாள். பன்னிரண்டாம் எண்ணின் ரிப்போர்ட்டைப் பத்தொன்பதாம் எண்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார், இவருடையது அவருக்குப் போயிருந்தது. சர்க்கரை இருக்கிறவர் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போயிருப்பார். இல்லாதவர் அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நோட்டில் இருந்த நம்பரைப் பார்த்து, மாத்திரைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி கண்ணம்மாள் எடுத்தாள்.

"காத்தால இருந்து கிறுகிறுன்னு வருதுன்னு படுத்திருக்காருங்க. வேர்த்துக் கொட்டுது."

"சர்க்கரையக் கரைச்சுக் குடுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த மாத்திரை அவருக்கு இல்லைங்க!"

மற்றவருக்கும் சொல்லி முடித்தாள். லேபில் கவர் கொடுக்கிறவர்கள் மூன்று பேர். யார் கை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தன் கைதான் என்று அவளுக்கு நினைவிருந்தது. தெரசா நோட்டோடு நேராகச் சிவக்குமாரிடம் போனாள்.

"நான் குடுத்த கவருங்க, சார். வேற யாரும் இல்ல."

அவர் நோட்டை வாங்கி அந்த இரண்டு வரிகளையும் பார்த்தார். "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, தெரசா."

"தெரிஞ்சாத்தானுங்களே நோட்ட மாத்துவீங்க."

மாற்றினார். ஆனால் இண்டூர்ப் பங்காளிகள் திரண்டு வந்து கத்திவிட்டுப் போன பிறகு, அவளை வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. மாதக் கடைசிவரை இருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு இதுவா கூலி என்று தெரசாவுக்கு ஆத்திரம். ஆனாலும் பெயரோடு அப்பா பெயரும் கேட்டு, கம்ப்யூட்டர் கேமராவில் ஒரு போட்டோவும் எடுத்துப் பதிய வேண்டும் என்பதுவரை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள்.

கடைசி நாள், மாத்திரை சாப்பிட்ட மாதேஸ்வரன் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார். உடம்பு தேறியிருந்தது.

"உங்க பேருங்க?"

"ஏம்மா, என்னத் தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க. இருந்தாலும் சொல்லுங்க. அப்பா பேரும் சொல்லுங்க."

அவர் தன் பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், துண்டைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்காகக் கேமராவுக்கு நேராக நின்றார்.