ஒரு நூல் கீழே இருந்த கண்

தையல் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. சட்டைப் பை ஒரு நூல் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கண்டுபிடித்து, தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். கண்கொத்திப் பாம்பு என்று முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். அதெல்லாம் அவள் காதில் விழாமல் இல்லை.

அப்படிப்பட்டவள் ஐம்பது வயதில் ஓவிய வகுப்பில் சேர்ந்தது பொழுது போகாமல் அல்ல. இறந்துபோன அக்காவின் முகத்தை வரைய வேண்டும். அக்கா தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள் என்று, வீட்டிலிருந்த போட்டோக்களில் எல்லாம் அவள் தலையை மட்டும் அப்பா பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டார். பெற்ற மனுஷன் செய்கிற வேலையா? செய்தார், கை நடுங்காமல் செய்தார். அடுத்த வருடமே அக்கா பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். கட்டியவனிடம் இருந்த படங்களை அவனுடைய இரண்டாம் மனைவி விட்டுவைக்கவில்லை.

அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண்ணுக்குப் போன வருடம் கல்யாணமானது. அவளுடைய இடது கண் வலது கண்ணைவிட ஒரு நூல் கீழே இருக்கும். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ வியாதி, மறைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றது அவள் காதில் ஏறவே இல்லை. அம்மாவின் தங்கை, சித்தி என்கிற முறையில் இவளே நேரில் போய், இது பிறவிக் கண், இவள் அம்மாவுக்கும் இதே கண்தான் என்றாள். போட்டோ எங்கே என்று கேட்டாள் மாமியார். அந்தப் பெண்ணே தலையைக் குனிந்துகொண்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லாதீர்கள் சித்தி என்று சொல்லிவிட்டாள். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வரைந்தே காட்டுகிறேன், இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்று சவால் விட்டுவிட்டு வந்தாள்.

வகுப்பு ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடி அறையில் நடந்தது. எட்டுப் பேர். முதல் மாதம் முழுக்கப் பாட்டில், பந்து, மடித்த துணி. வரையும் கரிக்குச்சியை அழுத்தாமல் பிடிக்கவும், விரலால் தேய்த்து நிழலைப் பரப்பவும், பாஸ்டல் வண்ணக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசவும் கற்றுக்கொண்டாள். நகக்கண்ணில் கரி ஏறி, கம்பெனியில் வெள்ளைக் காலரெல்லாம் கறையானது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவள் கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவளிடமே ஒரு குறை கிடைத்ததில் அங்கே பலருக்கு வயிறு குளிர்ந்தது.

நாலாவது மாதம் தாளில் அக்கா வந்துவிட்டாள். அகலமான நெற்றி, சற்றே தூக்கலான பல், ஒரு நூல் கீழே இருந்த இடது கண். அதைப் பார்த்து இவளுக்கு அழுகையே வந்தது. வகுப்பு முடிவில் அதே மாடியில் வைக்கிற கண்காட்சிக்கு முந்தின நாள் ஓவிய மாஸ்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவரில் தொங்கப்போவது தன் மானம் என்று நினைக்கிற மனிதர். தாளைப் பார்த்தார், துணியை எடுத்தார்.

"சார், அந்தக் கண்ணு அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"தப்பா வரையறவங்க எல்லாரும் இதைத்தான்மா சொல்றாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரே இழுப்பில் கண் போனது. ஐந்தே நிமிடத்தில் இரண்டு கண்ணையும் நேராக்கி, பல்லை அடக்கி, உதட்டில் ரோஸ் பாஸ்டலைத் தீட்டி, கரி உதிராமலிருக்க ஸ்ப்ரேயையும் அடித்துவிட்டார். இனி அதை அழிக்க முடியாது. கீழே பெயரைப் போடச் சொன்னார். மேலே உள்ளவர் சொன்னதைச் செய்து பழகிய கை, போட்டுத் தொலைத்தது. படத்தை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் கண்காட்சிக்கு வந்த மாமியார் படத்தையும் கூட வந்த மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மாஸ்டர் மாற்றிவிட்டார் என்று சித்தி சொன்னதற்குச் சிரித்தாள். வருகிறவர்கள் வரைந்து பார்ப்பதற்காகப் பக்கத்து மேஜையில் தாளும் கரியும் வைத்திருந்தார்கள்.

"சரி சம்பந்தி, இப்ப வரைஞ்சு காட்டுங்க. நாங்க நிக்கிறோம்."

அந்தப் பெண் ஆசையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்திருக்க வேண்டாம். சித்தி கண்ணை மூடினாள். முந்தின நாள் இரவு முழுக்க அவள் கண்முன் நின்ற மாஸ்டர் திருத்திய படத்துப் பெண்தான் வந்தாள். பல்லைப் போட்டாள், அது அந்தப் படத்துப் பெண்ணின் அடக்கமான பல். இடது கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்தாள். அது அக்கா இல்லை. எதிரே நிற்கிற பெண்ணின் கண்ணைப் பார்த்துத் திருடிப் போட்டது போலிருந்தது. மாமியாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இவளுக்குமே அது தெரிந்தது.

"போதும் சித்தி" என்றாள் அந்தப் பெண். "இனிமே எங்க அம்மாவைப் பத்தி என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

மாமியாரின் பின்னாலேயே அவள் படியிறங்கிப் போனாள். சித்தி தாளைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். அறையைப் பூட்ட வேண்டும் என்று மாஸ்டர் வந்து சொல்லும்வரை துடைத்துத் துடைத்து வரைந்துகொண்டிருந்தாள். அக்கா வரவே இல்லை.