அவசரமில்லை என்று சொன்னவள்

எங்கள் தோட்டத்து மேல்பிரிவுக்கு வரவிருந்த பஸ்ஸை வரவிடாமல் செய்தவள் நான். அந்தப் பழியை வேறொரு மனிதரின் தலையில் போட்டவளும் நானே.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள், நான் உங்களை அறியமாட்டேன். அந்தத் துணிவில்தான் சொல்கிறேன். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இலங்கையில், கேகாலை மாவட்டத்தில் இறப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பிரிவிலிருந்து டவுனுக்கு இறங்க ஒரே பாதைதான். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் பள்ளம். நடப்பவர்களுக்கென்று ஓர் அடி ஓரமும் கிடையாது. மணல் ஏற்றிய டிப்பர் லொறி வந்தால் மலையில் முதுகை ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் கிளினிக் போவதும் அப்படித்தான். கையில் காசு இருக்கிற நாளில் த்ரீவீல் பிடிப்பார்கள்.

அந்த த்ரீவீல்களில் ஒன்று என் கணவருடையது.

பிரதேச சபைத் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு என்னை நிறுத்தினார்கள். பஸ் வரும், நடக்க ஓரம் வரும் என்றுதான் வாக்குக் கேட்டேன். எனக்காக லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்றுவிடாமல், ஏறி இறங்கியவள் புஷ்பம். இறப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள், என்னைவிட இளையவள், பக்கத்து லயத்துக்காரி. அவளுக்குத் தரணி என்று ஒரே மகள். அக்கா சபைக்குப் போனால் நம் பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்கூடம் போகும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள்.

நான் வென்றேன்.

முதலில் உண்மையாகத்தான் உழைத்தேன். இதையாவது நம்புங்கள். போக்குவரத்துக்காரர்களைக் கெஞ்சி அழைத்துவந்து பாதையைக் காட்டினேன். பெரிய வளைவை அகலமாக்கி, மேலே பஸ் திரும்ப இடம் எடுத்து, நடப்பவர்களுக்கு ஓரம் கட்டிக்கொடுத்தால் பஸ் விடுகிறோம் என்றார்கள். அந்த வேலைக்குச் சபை பணம் ஒதுக்கவேண்டும். ஆனால் அந்த வருடம் ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் இருந்தது. ஒன்று எங்கள் பாதை, அல்லது டவுனில் சந்தைக்கு அருகே வாகனத் தரிப்பிடம்.

வீட்டுக்கு வந்து சந்தோஷத்தோடு சொன்னேன். கணவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நல்லதுதானே என்றார். பிறகு துணியைப் பிழிந்தபடி கேட்டார்.

"பஸ் வந்தா நம்ம வண்டியில யாரு ஏறப் போறா?"

அவ்வளவுதான். அவர் சண்டை போடவில்லை, மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் அடுப்பும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த மூன்று சக்கரத்தில்தானே உருண்டன?

சபை கூடிய நாளில் பெண்கள் பலர் அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தார்கள். அவர்களை வெளி விறாந்தையில் இருக்கச் சொன்னார்கள். நான் மட்டும் உள்ளே போனேன்.

என்ன பேசவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாகனம் வைத்திருப்பவர் அதை நிறுத்த இடம் கேட்கிறார். எங்களுக்கோ காலை வைக்க இடமில்லை. சபையின் பணத்தில், நடந்து போகிறவர்களின் வரியும் இருக்கிறது. கடைக்குப் போகும்போது கொடுக்கிறோம், சந்தையில் கொடுக்கிறோம். சைக்கிளில் வருகிறவனும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளும் இந்த ஊரின் ஆட்கள்தானே! அவர்களுக்குச் செலவழிப்பது தருமம் அல்ல, கடமை. எத்தனை முறை அடுப்படியில் சொல்லிப் பார்த்த பேச்சு அது!

சேர்மன் ஒரு சிங்களவர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற, மெதுவாகப் பேசுகிற மனிதர். தோட்டத்துப் பாதையை முதலில் செய்யலாம் என்பதுதான் தன் எண்ணம் என்று அவரே ஆரம்பித்தார். ஆம்... அவரே! டவுன் உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நங்கி, அதாவது தங்கச்சி, என்று அழைத்து, இது உங்கள் ஆட்களின் காரியம், உடனே செய்யவேண்டிய அவசரமா, நீங்களே சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஹதிசியக் நே" என்றேன். அவசரமில்லை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் அவ்வளவு இயல்பாக இருந்தது! வாகனத் தரிப்பிடத்துக்குக் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா, பேராசையா? பேராசை என்று சொல்லும் அளவுக்கு எங்களிடம் என்ன இருந்தது... ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒரு வருடம் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா?

இதைவிடப் பெரிய பாவம் விறாந்தையில் நடந்தது.

புஷ்பம் எழுந்து வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க நமக்குத் தருவாங்களா, புஷ்பம்? சேர்மன் மாத்தயா முடியாதுன்னுட்டாரு."

ஒருத்தியும் சந்தேகப்படவில்லை. அவர்களில் பாதிப்பேர் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார்கள். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே அம்பலப்பட்டிருப்பேன். கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால், தோட்டத்துத் தமிழர்களான நமக்குத் தரமாட்டார்கள் என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய உண்மை. என் பொய்க்கு நான் அந்த உண்மையின் சட்டையைப் போட்டுவிட்டேன். அவர்கள் பட்ட உண்மையான அவமானங்களையெல்லாம் என் ஒரு சின்னக் கோழைத்தனத்தை மறைக்க எடுத்துக்கொண்டேன்!

எல்லோரும் வரிசையாக அதே பாதையில் ஏறி வந்தோம். அதற்குப் பிறகு யாரும் பஸ் கேட்கவில்லை. அடுத்த வருடம் சபையில் பணமும் இல்லை. வாகனத் தரிப்பிடம் மட்டும் வெள்ளைக் கோடுகளோடு அழகாக எழுந்தது. சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் அங்கே நாய்கள் படுத்திருக்கும்.

தரணி உயர்தரம் படிக்க டவுனுக்கு நடக்கத் தொடங்கினாள். வகுப்பு முடிய நேரமாகும் என்பதால் புஷ்பம் போய் அழைத்து வருவாள். ஒரு மழைநாளில் தாயும் மகளும் ஒரு குடைக்குள் அந்தப் பெரிய வளைவில் வந்தபோது டிப்பர் ஒன்று இறங்கியது. ஒதுங்க இடமில்லை. புஷ்பம் மகளை மலைப்பக்கம் தள்ளினாள். சக்கரம் அவள் வலது காலில் ஏறியது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். சேர்மன் வந்தார். கையில் ஒரு குலை செவ்விளநீர். புஷ்பம் அவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான், குலையை வாங்கவில்லை. அந்த வயதான மனிதர் குலையைக் கட்டிலுக்கு அடியில் தாமே வைத்துவிட்டு வெளியே வந்தார். நடையில் என்னைக் கண்டு தணிந்த குரலில் கேட்டார். நங்கி, அன்று அவசரமில்லை என்றது நீங்கள்தானே, உங்கள் ஆட்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

துக்கத்தில் இருக்கிறார்கள் மாத்தயா, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நாலடியில் இருந்தது அந்த வாட்டுக் கதவு! உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னே அவர் இறந்தும் போனார். மரண வீட்டுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது வந்தீர்களே என்று அழுதார்...

தரணி படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். புஷ்பத்தை மாதாமாதம் கிளினிக் கூட்டிப்போவது என் கணவர். காசு வாங்குவதில்லை. அவர் நல்ல மனிதர்; அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் வண்டி இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று புஷ்பம் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இப்போது மறுபடி தேர்தல். நான் நிற்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். புஷ்பம் விடவில்லை. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவளே முன்னால் நடக்கிறாள். நமக்காக அங்கே தனியாகப் போராடினவர் அக்கா என்று வாசல் வாசலாகச் சொல்கிறாள். நான் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறேன். உங்களிடம் சொன்ன இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே என் வாயில் வருவதில்லை.

நேற்று கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்போது பின்னால் ஒரு லொறிச் சத்தம் கேட்டது. நான் பள்ளத்துப் பக்கம் இருந்தேன். புஷ்பம் நின்று, கட்டையை மாற்றி ஊன்றி, மலைப்பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

"நீங்க உள்பக்கமா வாங்கக்கா."

நான் உள்பக்கமாக நடந்தேன்.