வெயிலில் காய வைத்த பேட்டரிகள்

அந்தத் தகர டப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் கணவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எல்லார் கைக்கும் செல்போன் வரத் தொடங்கியிருந்த நேரம். கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஸ்குரூ, துருப்பிடித்த சாவி எல்லாம் அதிலேயே கிடக்கும். டப்பாவின் இடம் கட்டிலுக்கு அடியில். எங்கள் மகள் தவழும் இடமும் அதுதான்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க அதைத் தரையில் வைத்துச் சுண்டிவிடுவார். உப்பியது பம்பரம் போலச் சுற்றும். குழந்தை கைதட்டிச் சிரிப்பாள். அவளுக்காகவே இன்னொன்றைச் சுண்டுவார். பேட்டரியின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன்: சூடாக்காதே, குத்தாதே, உலோகத்தோடு சேர்த்து வைக்காதே. "கடையில வந்து வேலை பாரேன், நீயே ஓனர்" என்றார்.

ஒரு சித்திரை மாதக் காலையில் மாமியார் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மாடியில வெயில்ல போடு. ரெண்டு நாள் காஞ்சா உசிரு வந்துரும்."

"அத்தை, இது டார்ச்லைட்டுக் கட்டை மாதிரி இல்ல. சூடு பட்டா தீப்பிடிக்கும்னு இதுலயே போட்டிருக்கு."

"இம்புட்டு நாளா கட்டைய வெயில்ல வச்சுத்தான் லைட்டு அடிச்சோம். எந்தக் கட்டை எரிஞ்சுச்சு? பி.எஸ்சி படிச்சவளுக்கு மாடிப்படி ஏறுனா கால் தேஞ்சுருமோ?"

இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல் கணவர் சொன்னார்: "அம்மா சொல்றதச் செஞ்சுட்டுப் போயேன். எப்படியும் செத்த பேட்டரிதானே."

அதற்கு முந்தின வாரம்தான் குழந்தை இரண்டு தும்மல் போட்டதற்கு நான் டாக்டரிடம் ஓடி, வீடே சிரிக்கும்படி ஆகியிருந்தது. இதுவும் அப்படித்தானோ என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவோடு மாடிக்கு ஏறியது நான்தான். மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பழைய சுங்குடிச் சேலையின் ஓரத்தில் பத்து பேட்டரிகளைப் பரப்பினேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு வைத்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

மத்தியானம் துணி எடுக்கப் போனபோது குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார வைத்தேன். நான் கொடியின் பக்கம் திரும்பியதும் அப்பா சுண்டிச் சுற்றவிடும் பேட்டரிகளை அவள் பார்த்துவிட்டாள். நிழலைத் தாண்டித் தவழ்ந்தவளின் உள்ளங்கையைத் தரை சுட்டது. வீறிட்டு அழுதாள். ஓடிப் போய்த் தூக்கினேன். அவளுக்கும் சேலைக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும். அப்போதுதான் ஒரு பேட்டரி உஸ்ஸென்று சீறியது. நகப்பூச்சு அழிக்கும் மருந்தின் வாடை, வெள்ளைப் புகை, பிறகு தீ.

குழந்தையைப் படியில் இறக்கிவிட்டு, சுவர்ப் பூச்சு வேலையில் மிஞ்சி மாடியில் கிடந்த மணலை அள்ளி அள்ளிக் கொட்டினேன். மிளகாய்க் கமறல் தெருவரைக்கும் போனது. மாமியார் இருமிக்கொண்டே மேலே வந்தார்.

"போட்டது யாரு? நீதானே. பிள்ளைய வேற அங்கனயே விட்டுருக்க. நல்ல தாயி."

சாயங்காலம் கணவரும் கேட்டார்: "நீ எதையாச்சும் வச்சு அழுத்துனியா?"

அழுத்தவில்லை. ஆனால் பல வருடம் என்னையே நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவெளி விட்டதால்தான் மற்ற ஒன்பதும் தப்பின என்று ஒருவரும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்து அவை ஆறிய பிறகு ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, ஓர் இரும்புச் சட்டியில் மணலுக்குள் புதைத்து, வெளிச்சுவர் ஓரமாக வைத்தேன்.

மறுநாள் கணவர் மறுபடியும் கடையிலிருந்து டப்பாவில் பேட்டரிகளோடு வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன்.

"வீட்டுக்காரனையே வெளிய நிறுத்துறா பாரு" என்றார் மாமியார்.

"அவரு வரட்டும் அத்தை. டப்பா வராது."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். டப்பாவைச் சட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டுவிட்டு, என் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போனார். மாமியார் ஆடி வரைக்கும் என்னோடு பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

டப்பா வெளியே கிடந்த அன்றும், ஏதாவது பேட்டரி உருண்டு கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் குழந்தையைத் தரையில் விட்டேன்.