அரைஞாணுக்குத் தப்பிய காசு

தம்பலகாமத்தில் எங்கள் வயலை உழுதபோது டிராக்டர் ஒரு வெள்ளிக் காசைக் கிளறிப் போட்டது. ஒரு பக்கம் இலைமுடி சூடிய அரசன் தலை, சுற்றிவர எழுத்துகள். மறுபக்கம் இறக்கை விரித்த பெண்.

அப்போது நான் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேலதிகாரிக்குப் பழங்காசு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். காசு எப்படி இருக்கிறது என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரோமாபுரிக் காசு போல கிடக்கு. எழுத்தைப் பார்த்தால் எந்த ராசா எண்டு சொல்லிப்போடுவன். திங்கட்கிழமை கொண்டு வாங்கோ, பிள்ளை.”

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தால் அலுமாரியில் காசைக் காணவில்லை. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், எடுத்துப் பத்தரிடம் கொடுத்திருந்தாள். அவளுடைய பேரன் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு நெருங்கியிருந்தது. அரைஞாண் செய்ய வெள்ளி போதவில்லையாம்.

“ஆரோ செத்த ராசான்ர தலைதானே. பிள்ளைக்கு உதவட்டுமன்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் செருப்புக்கூடப் போடாமல் பத்தரின் பட்டறைக்கு ஓடினேன். காசு உலைக்குப் பக்கத்தில் இருந்தது. என் கால் கொலுசு இரண்டையும் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“இதை உருக்குங்கோ. அதைத் தாங்கோ.”

“கொலுசு கனம் கூட, தங்கச்சி.”

“கூடினால் கூடட்டும்.”

“சரி, காசைத் துப்புரவாக்கித் தரட்டோ?”

“வேண்டாம். இனி அதை ஒருத்தரிட்டயும் குடுக்க ஏலாது.”

மேலதிகாரியிடம் அழுக்கோடு கொண்டுபோவதா? ஞாயிறு காலை, குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் செங்கல் தூளும் போட்டு அரசன் பக்கத்தைத் தேய்த்தேன். பளபளத்தது. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன். கழுவிப் பார்த்தபோது எழுத்து ஒன்றுகூட இல்லை. அரசனுக்கு மூக்கும் இல்லை, முடியும் இல்லை. குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மச்சாள் எட்டிப் பார்த்தாள். “நெருப்புக்குக் குடுக்காமல் புளிக்குக் குடுத்திட்டாய்.”

ஆனாலும் திங்கட்கிழமை வெட்கத்தை விழுங்கிக்கொண்டு காசைக் கொண்டுபோனேன். மேலதிகாரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ராசா போயிட்டார், பிள்ளை. இனி ஆரெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. இந்தப் பக்கம் நிக்கிறது அவையின்ர வெற்றித் தெய்வம். என்னட்டத் தாங்கோ, பத்திரமா வைச்சிருப்பன்.”

“ஏலாது, ஐயா. என்ர பிழை என்னோடயே இருக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் கொலுசு போட்டதில்லை. காசு என்னிடம்தான் இருக்கிறது. இறக்கைக்காரியின் பக்கம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அதில் ஈரத்துணிகூடப் பட விட்டதில்லை.